சீமாட்டியின் வெறும் வயிறு

அக்காவும் தங்கையுமாக அந்தக் குதிரை லாயத்தை நடத்திவந்தார்கள். சர்க்கரை நோய் முற்றி அக்காவின் வலது பாதத்தை எடுத்த பிறகு வேலை மொத்தமும் தங்கையின் தலையில் விழுந்தது. அக்கா சக்கர நாற்காலியில் லாயத்து வாசலில் உட்கார்ந்து அதிகாரம் மட்டும் பண்ணுவாள். அதற்கும் ஓர் ஆள் வேண்டுமே என்று தங்கை சிரித்துக்கொள்வாள்.

அங்கிருந்த பெண் குதிரை ஒன்று சேற்றில் கால் வைக்க முகம் சுளிக்கும். அதனால் அதற்குச் சீமாட்டி என்று பெயர். கொஞ்ச நாளாக அது சுடுதரையில் நடப்பதுபோல முன்னங்கால்களை ஊன்றப் பயந்தது. கால்நடை டாக்டர் வந்து, கொழுப்பு திரண்ட கழுத்தையும் சூடேறிய குளம்பையும் தொட்டுப் பார்த்தார். இன்சுலின் தாறுமாறாக ஏறினால் குளம்புக்குள் இப்படித்தான் வீங்கும் என்றார். வெறும் வயிற்றில் சர்க்கரைப் பாகு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். காலையில் தான் வரும்வரை ஒரு மணி தானியம்கூட வாயில் படக் கூடாது என்று கறாராகச் சொன்னார்.

அக்காவின் முகம் கறுத்தது. "எனக்கும் முதல்ல டெஸ்ட்டுன்னுதான் சொன்னாங்க," என்றாள்.

டாக்டருக்கு அது புரியவில்லை. தங்கைக்குப் புரிந்தது.

மறுநாள் பாகு நிரப்பிய சிரிஞ்சைச் சீமாட்டியின் கடைவாயில் நுழைக்கப் போன டாக்டர் கையை நிறுத்தினார். பல்லிடுக்கில் மென்ற ஓட்ஸ் ஒட்டியிருந்தது. யார் போட்டது என்று கேட்டார். தங்கை திரும்பிப் பார்த்தாள். அக்காவின் மடியில் உமி சிதறிக் கிடந்தது. அவள் அதைத் தட்டிவிடவும் இல்லை, தலை நிமிரவும் இல்லை.

"நான்தான் டாக்டர். பழக்கதோஷம், கை தானா அள்ளிப் போட்டுடுச்சு," என்றாள் தங்கை.

வயிற்றில் தானியத்தோடு ரத்தம் எடுத்தால் அளவு தப்பாகக் காட்டும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். இனி அடுத்த வாரம்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை தீவனப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அதிலிருந்த இனிப்பை அலசிப் போட்டாள். ஆனாலும் சீமாட்டி படுத்தால் எழுந்திருக்கத் திணறியது.

இரண்டாம் முறை சோதனை ஒழுங்காக நடந்தது. இன்சுலின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் எலும்பு புரண்டு, அடிப்பாதத்தைக் குத்திக்கொண்டு நின்றது. இனி வலியிலிருந்து விடுவிப்பதுதான் நியாயம் என்றார் டாக்டர். அந்த ஒரு வாரம் வீணாகாமல் இருந்தால் பிழைத்திருக்குமா என்று தங்கை அவரைத் தனியாகக் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. பிழைச்சிருக்கலாம்."

ஊசி போடும்போது அக்கா சீமாட்டியின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொள்ள வேண்டும் என்றாள். நாற்காலியிலிருந்து அவளை இறக்கி வைக்கோலில் உட்காரவைத்தார்கள். அது அடங்கிய பிறகும் வெகுநேரம் எழமாட்டேன் என்றாள்.

அன்று சாயங்காலம் அவளாகவே பேச்செடுத்தாள்.

"பசியில என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சுடி. ஆஸ்பத்திரியில நானும் அப்படித்தான் கெடந்தேன்."

தங்கைக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வெந்நீரும் துணியும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். வழக்கம்போல அக்காவின் இடது பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்குகளில் புண் எதுவும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.