உள்பக்கக் கைப்பிடி

பேரரசுகள் சரிந்ததற்குக் காரணம் போர் அல்ல, முழு விலை கொடுத்துப் பொருள் வாங்கியதுதான் என்பது ஆஃபர் சாரின் ஆழ்ந்த கருத்து. இதை அவர் உரக்கச் சொல்லிக்கொண்டபோது, ஒரு மூடிய அறைக்குள் சலவைத்தூள் பெட்டிமேல் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கேட்க அங்கே சோப்புகள் மட்டுமே இருந்தன.

ஆஃபர் சார் என்பது குடியிருப்புக்காரர்கள் வைத்த பெயர். அது கிண்டல் என்று தெரியாமல் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

அறை உண்மையில் மகளுடையது. அவள் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். பெரிய பெட்டி வாங்கினால் வாளி இலவசம் என்று சலவைத்தூள் உள்ளே வந்தது, வாளிகள் வந்தன, சோப்பு வந்தது, மகள் வெளியே வந்தாள். பகல் தூக்கத்தை ஹால் சோபாவில், மிக்சிக்கும் அழைப்பு மணிக்கும் நடுவே தவணை முறையில் தூங்கினாள். அறை காலியாகாவிட்டால் ஒன்றாம் தேதி ஹாஸ்டலுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

கதவின் கைப்பிடி உடைந்தபோது கடைக்காரர் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று ஜோடியாகத்தான் காட்டினார். "ஒண்ணு போதும்யா. உள்ளேருந்து யாரு திறக்கப் போறாங்க? சோப்பா எழுந்து வரும்?" என்று வாதாடி, வெளிப்பக்கத்தை மட்டும் பாதி விலைக்கு வாங்கிவந்தார் ஆஃபர் சார். அந்த வெற்றியை மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

இன்று காலை, மனைவி வேலைக்குப் போனபின், சரக்கைப் பார்வையிட உள்ளே போனார். ஒரு சோப்புப் பெட்டி சரிந்து கதவில் முட்டியது. கதவு சாத்திக்கொண்டது. போன் சமையலறையில் இருந்தது. ஜன்னலை டிஷ்யூ பொட்டலங்கள் அடைத்திருந்தன. புழுக்கத்தில் தாகமெடுக்க, காலாவதி நெருங்கியதால் மலிவாக வந்த பழச்சாற்றைத் திறந்தார். திறந்ததை வீணாக்கக் கூடாதென்று பெரிய பாட்டிலை முழுக்கக் குடித்தார். பிறகு கதவைத் தட்டினார்.

மகள் எழுந்து வந்தாள். காலடி கதவருகே நின்றது. கைப்பிடி அசையவில்லை.

"திறக்கறேன்ப்பா. ரூம் எனக்கா?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா விலை ஏறிடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சரி, பாதி ரூம் எடுத்துக்கோ. கட்டில் பக்கம்."

"பாதி ரூம்ல பாதி கண்ணை மூடித் தூங்கவா?"

"ஜன்னல் பக்கமும் தர்றேன். வாளியெல்லாம் பால்கனிக்குப் போயிடும்."

"மொத்த ரூமும் வேணும்."

"அப்பன்கிட்டயே பேரமாடி?"

"வேற யார்கிட்ட கத்துக்கிட்டேன்?"

பேரம் படியாவிட்டால் பேசாமல் திரும்பி நடக்க வேண்டும், கடைக்காரன் தானாகக் கூப்பிடுவான் என்று சின்ன வயதிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். காலடி விலகிப்போனது. சோபா கிறீச்சிட்டது.

அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் விலை விழும். கெத்தாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வேறு காரணத்துக்காக ஆட்டினார். பிறகு கூப்பிட்டார். பதில் இல்லை. இரவெல்லாம் கண்விழித்தவள் நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தாள். அடுத்து கதவைக் குத்தினார், மன்றாடினார். அதன்பின் வெகுநேரம் உள்ளே சத்தமே இல்லை.

மதியத்துக்கு மேல் மகள் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் குரலில் மிடுக்கு இல்லை.

"மொத்தமும் உனக்கேம்மா."

"சலவைத்தூள்?"

"வித்துடறேன்."

"என்ன விலைக்கு?"

வாழ்நாளில் சொல்லியிராத வார்த்தையை அவர் சொன்னார்.

"வந்த விலைக்கு."

கதவு திறந்தது. "பரவாயில்ல, பேரம் பேசத் தேறிட்ட" என்று பெரிய மனதோடு பாராட்டிவிட்டு அவர் குளிக்கப் போனார். குளியல் நீண்டது.

மாலையில் தாயும் மகளும் அறையைக் காலி செய்தார்கள். இலவச வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். டிஷ்யூ பொட்டலங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு வாளி மட்டும் காலியாக இல்லை.