கண்ணாடி இறங்கியது

கவுன்சிலர் அம்மாவின் கைகள் சும்மா இருக்காது. தெரிந்த முகம் எதைக் கண்டாலும் கும்பிட்டுவிடும். தேர்தலில் ஜெயிக்க வைத்த அதே கைகள்தான் அன்று ஒருவனின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தன.

வட்டாரத்தில் பைக் திருட்டு பெருகிவிட்டது. மக்கள் அம்மாவைப் பிடுங்கி எடுத்தார்கள். திருட்டு எப்படித்தான் நடக்கிறதென்று நேரில் தெரிந்துகொள்ள, மஃப்டியில் இருந்த இன்ஸ்பெக்டரோடு காரில் கிளம்பினார். ஸ்டியரிங்கில் ஒரு பெண் காவலர். மார்க்கெட்டுக்கு எதிரே நிறுத்தினார்கள்.

"அந்தச் சாவிக்கடைக்காரனப் பாருங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "திருடனுங்க அவன்கிட்டதான் சாவி போட வருவானுங்க. வந்தா எங்களுக்குத் தகவல் சொல்லுவான். அது வெளிய தெரிஞ்சா அவன் கதை முடிஞ்சிடும். அதனால நாங்க அவனத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டோம்."

அம்மா தலையாட்டினார். புரிந்து என்ன பயன்? சாவிக்கடைக்காரன் நிமிர்ந்ததுதான் தாமதம், காரின் கறுப்புக் கண்ணாடியை இறக்கி, "என்ன தம்பி, சௌக்கியமா?" என்று கும்பிட்டுவிட்டார்.

கடையோரம் பைக்கில் சாய்ந்திருந்த இரண்டு பேர் அம்மாவைப் பார்த்தார்கள். முன்சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டரையும் அடையாளம் கண்டுகொண்டார்கள். பிறகு சாவிக்கடைக்காரனைப் பார்த்தார்கள். ஒருவன் போனை எடுத்தான்.

இன்ஸ்பெக்டர் இறங்கி ஓடி, கடைக்காரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "திருட்டுச் சாவியா போடுற?"

அம்மா கதவைத் திறக்கப் போனார். பெண் காவலர் திரும்பாமலே சொன்னார்: "அவனையும் திருடன்னு காட்டினாதாம்மா தப்பிப்பான். நீங்க குறுக்க பேசிடாதீங்க."

கடைக்குள்ளிருந்து ஓடிவந்த அவன் மனைவி நேராகக் காருக்குத்தான் வந்தாள். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. அவர் தப்புத்தண்டாவுக்குப் போற ஆளா?"

அந்த இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மாவுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

"திருட்டுப் பயலுக்கெல்லாம் நான் பேச முடியாதும்மா," என்றார் உரக்க.

அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "அக்காவே சொல்றாங்களே. நெசமாய்யா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறி, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பைக்கில் சாய்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். போன் சட்டைப்பைக்குள் போனது.

தெருமுனை திரும்பியதும் சாவிக்கடைக்காரன் கேட்டான்: "அவகிட்ட எப்ப சொல்லலாம் சார்?"

"கும்பல் மொத்தமும் மாட்டணும். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது."

"தம்பி, புத்தி கெட்டுப்போய் செஞ்சிட்டேன். நான் வேணா அவளப் பாத்து..."

"வேணாங்க்கா," என்றான் அவன். "நான் சொன்னாக்கூட இனி நம்பமாட்டா. நீங்க சொல்லிட்டீங்கல்ல."