கட்டிக்குப் போட்ட பட்டினி

கவியாவுக்கு வயிறு எரிஞ்சது. எரியாம என்ன செய்யும்? புருசன் மணிவேலுக்குத் தலைக்குள்ள கட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கு, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில டாக்டர் அறையிலேர்ந்து எட்டிப் பாத்து, ஆம்பளைங்க யாராச்சும் வாங்கன்னார். உள்ள போனது மணிவேலோட அண்ணன் கொளஞ்சியப்பன். கட்டுன பொண்டாட்டி வெளியில பெஞ்சுல.

அண்ணன் அரைகுறையாக் கேட்டுக்கிட்டு வந்தார். கட்டி தனக்குன்னு புதுசா ரத்தக்குழாய் வளத்துக்குதாம், அந்த ரத்தத்துலதான் பெருக்குதாம், குழாய் வளராம தடுக்க ஊசி போடணுமாம். அதுவரைக்கும் சரி. உடையார்பாளையத்துல பஸ்ஸை விட்டு எறங்குறதுக்குள்ள அவரே பாதி டாக்டராயிட்டார். ரத்தம் ஊறுனாத்தானே கட்டி குடிக்கும்? ஊறவே விடாதே. கறி, முட்டை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை எல்லாத்துக்கும் தடை. மணிவேலுக்கு வேளைக்கு ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணி. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுன உடம்புய்யா அது!

கவியா எதுத்துக் கேக்காம இல்ல. கேட்டா, "நீ போடுற சோறு தம்பிக்குப் போவல, கட்டிக்குப் போவுது"ன்னு வாயை அடைச்சார். டாக்டர் சொன்னதுன்றாரே, நெசமா இருந்துட்டா? அந்தப் பயம்தான் அவ கையைக் கட்டிப்போட்டுச்சு. மணிவேல் பசிக்குதுன்னு சொல்றப்பல்லாம் அடுப்படியில போயி அழுதா.

ஊசிக்குப் போன அன்னைக்கு டாக்டர் மணிவேலைப் பாத்துத் திடுக்கிட்டார். இந்த உடம்பு ஊசி தாங்காது, தேத்திக் கூட்டிட்டு வாங்கன்னார். பட்டினி போட்ட விசயத்தைக் கேட்டதும் தலையில கை வச்சார். பட்டினி போட்டா கட்டி சாவாது. பக்கத்துக் குழாய்க்கெல்லாம் அதுவே ஆள் அனுப்பிக் கிளை விடச் சொல்லும், தன் பங்கை மொதல்ல எடுத்துக்கும், காயறது மனுசன்தான்னார்.

கவியா எழுந்து நின்னா.

"இதை அன்னைக்கே என்கிட்டச் சொல்லியிருந்தா என்ன சார் கொறஞ்சு போயிருக்கும்? அவருக்குச் சோறு போடுறவ நான்."

பதிலுக்கு அவ நிக்கல. புருசனைக் கைத்தாங்கலாக் கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போயி மீன் சாப்பாடு வாங்கி முன்னால வச்சா. பழக்கதோசத்துல கொளஞ்சியப்பன் தட்டை எடுக்கக் கையை நீட்டுனார்.

"கையை எடுங்க மாமா."

மணிவேல் ஆசையாப் பெசஞ்சான். ரெண்டு வாய் எறங்குச்சு. அடுத்த வாயை மெல்லுறதுக்குத் தெம்பில்லாம, சோத்தை வாயிலேயே வச்சுக்கிட்டு அவளைப் பாத்தான்.