பாதிப் போத்தல்

"இன்னைக்கு ஊசி போட முடியாதுக்கா. உங்க இன்சூரன்ஸ் காசு முடிஞ்சிருச்சு," என்றாள் கவுண்டரில் இருந்த வினோதா.

ஜெயலெட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் லோண்டரியில் அவளுக்கு வேலை. விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு துவாயைக்கூட மடிக்க முடியாமல் கிடந்தவளை இந்த ஊசிதான் எழுப்பி நிறுத்தியது. ஹோட்டல் எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் வருஷம் முழுக்கப் போதும் என்று ஹட்டனில் உள்ள இதே மெடிக்கல் சென்டரில்தான் சொன்னார்கள். பாதி வருஷம்கூட ஆகவில்லை. ஊசி நின்றால் கை நிற்கும்; கை நின்றால் வேலை நிற்கும்.

"எப்படிம்மா முடியும்? நான் அள்ளித் தின்னேனா?"

"உங்களுக்குப் பாதிப் போத்தல் மருந்துதான்க்கா. ஆனா உங்களுக்காகத் திறந்த போத்தல். மிச்சத்தைக் கொட்டினா அதையும் சேர்த்து முழுசுக்கும் கிளெய்ம் எழுதலாம். அது முறைதான். அதான் சீக்கிரம் முடிஞ்சிருச்சு."

"கொட்டினதா?"

ஜெயலெட்சுமி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். வட்டவளையிலிருந்து வரும் கந்தப்பன் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே மூட்டு நோய், அதே கிழமை, அதே ஊசி. ஒரு போத்தலை இரண்டு பேருக்குப் பிரித்துப் போடலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு எந்தப் போத்தல்ல இருந்து எடுப்பாங்க?"

"உனக்குப் போட்ட மிச்சந்தான் தங்கச்சி. ஒரே எலையில ரெண்டு பேருக்குச் சோறு வைக்கிற மாதிரி நம்மள ஒண்ணாத்தானே உள்ள கூப்பிடுறாங்க."

"இவருக்கு எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

வினோதா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவள் ஊசி அறைக்குள் போனதே இல்லை. ஆளுக்கு ஒரு போத்தல் என்று மெனேஜர் நிரஞ்சன் சொன்னதைத்தான் எழுதிவந்தாள். அவள் முகம் வெளுத்தது.

"இவருக்கும் முழுசு. மிச்சம் கொட்டினதுன்னு."

ஜெயலெட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடு போனதுகூடப் பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் "சுகமா இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களே, அதுதான் தாங்கவில்லை.

சத்தம் கேட்டு நிரஞ்சன் வெளியே வந்தார். "இது என்ன சந்தையா?"

"சந்தையில தராசாவது இருக்கும் சேர். ஒரு போத்தலைத் திறந்து ரெண்டு போத்தலுக்கு எழுதியிருக்கீங்க. மத்தது யாரு வீட்டுக்குப் போச்சு?"

"இன்சூரன்ஸ்காரன் காசுதானே. உங்க மடியில இருந்தா எடுத்தோம்?"

"காசு அவனுது. நின்னு போறது என் கை."

கந்தப்பன் சுருட்டி வைத்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "எனக்கும் வேணாம் சேர். மிச்சம் பாதி யாருக்குன்னு சொல்லிட்டுப் போத்தலைத் திறங்க."

காத்திருந்த சனம் முழுதும் திரும்பிப் பார்த்தது. வினோதா நாற்காலியை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டரில் தட்டத் தொடங்கினாள்.

"என்ன செய்றீங்க?" என்றார் நிரஞ்சன்.

"பழைய கிளெய்மையெல்லாம் திருத்தி அனுப்புறேன் சேர். ஆளுக்குப் பாதி. கொட்டினது ஒண்ணுமில்ல."

"வேலை போயிரும்."

"எழுதினது நான்தானே சேர்."

தப்பாய்த் தட்டியதை அழித்து அழித்துத் தட்டினாள், ஆனாலும் நிறுத்தவில்லை. அனுப்பிவிட்டு இன்சூரன்ஸ் ஆட்களுக்கும் போன் எடுத்தாள். கூடுதலாக எழுதியது கழிந்தால் ஜெயலெட்சுமியின் பங்கு திரும்பிவிடும், இன்றைய ஊசியைப் போடலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. நியாயத்துக்குக் கோபப்பட்டவரைக் கடவுள் தனியே விடுவதில்லை. அன்று அவர் அனுப்பியது, பயந்து நடுங்கும் ஒரு பெண்ணை.

நர்ஸ் சர்மிளா இருவரையும் சேர்த்தே கூப்பிட்டாள். ஊசி போடும்போது அவள் தலை நிமிரவே இல்லை.

வெளியே வந்தபோதும் ஜெயலெட்சுமிக்குக் கோபம் ஆறவில்லை. நிரஞ்சன் கவுண்டருக்குள் போய் வினோதாவின் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பிள்ளை குனிந்திருந்தாள்.

"வா தங்கச்சி, பஸ் வந்துரும்," என்றார் கந்தப்பன்.

"நீங்க போங்கண்ணே."

ஒரு நாற்காலியைக் கவுண்டருக்கு நேரே இழுத்துப்போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

"பேசுங்க சேர்," என்றாள். "நானும் கேக்குறேன்."