முப்பத்தாறு கொத்து

தடதடவென்று தரை அதிர்ந்தது. நாகஜோதி காப்பித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு, அவளுடைய அண்ணன் சுருளியாண்டியின் திராட்சைத் தோட்டத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. சுருளிப்பட்டி வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே பாதி ஊரை எழுப்பிவிட்டது.

"மதினி! இது என்னத்துக்கு?"

மகாலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்கண்ணே வரச் சொல்லிருக்காக. பந்தலப் புடுங்கிட்டு வாழை வைக்கப் போறாகளாம்."

"கொத்துக் கொத்தாக் காய்ச்சுத் தொங்குது!"

"அத அங்கன போயிச் சொல்லு. எஞ்சொல்லு ஏறல. பதினாலு வருசமா ஒவ்வொரு கொடியும் எங்கையால இழுத்துக் கட்டினது. என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

நாகஜோதி தேனியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் தோட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"அண்ணே! நிப்பாட்டச் சொல்லுண்ணே!"

"கொடி கிழடாகிப்போச்சு ஆத்தா," என்றான் சுருளியாண்டி. "போன புதன்கிழமை ஜூஸ் கம்பெனி ஆபீசர் வந்தாரு. நாலு கொத்தப் புழிஞ்சு பாத்தாரு. சராசரி பதினஞ்சு டிகிரி இனிப்பு இருந்தாத்தான் எடுப்பாகளாம். நம்மளது பதிமூணு புள்ளி ரெண்டு. இனிமே இந்தக் கொடியில இனிப்பு ஏறாதுன்னுட்டாரு. இருக்கற பழத்த ஆள் விட்டு அறுத்துச் சந்தையில கொட்டிட்டு, மேக்கால இருந்து புடுங்க வேண்டியதுதான். இந்த வண்டிய விட்டா இன்னும் பத்து நாளைக்குக் கெடைக்காது."

"இந்தப் பந்தல்ல எத்தன ஆயிரம் கொத்து தொங்குது? நாலப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுவியா?"

"ஒரு பானைச் சோத்துக்கு..."

"பானையக் கிண்டிவிட்டுச் சோறு எடுத்தாத்தான் அந்தக் கணக்கு. எனக்கு ரெண்டு மணி நேரம் குடு. இனிப்பு அளக்குற மீட்டரு நம்ம வீட்டுலயே இருக்கு. தோத்துட்டேன்னா நானே வண்டிக்கு வழி விடுறேன்."

ஜேசிபி ஓட்டுநர் கருத்தக்கண்ணன் இறங்கி வந்தான். "அக்கா, எனக்கு மணிக்கணக்குல வாடகை. நின்னாலும் ஓடுனாலும் ஒண்ணுதான். நீங்க பாருங்க."

சுருளியாண்டி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினான். "ரெண்டே மணி நேரம்."

நாகஜோதியின் கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். ஜேசிபியின் கதவையே கரும்பலகை ஆக்கினாள்.

"மொதல்ல நமக்கு எதிராவே ஆரம்பிப்போம். 'இந்தத் தோட்டத்துச் சராசரி பதினஞ்சத் தாண்டல'. இதுதான் வழக்கு. இத ஒடைக்கச் சாட்சி வேணும். முப்பத்தாறு கொத்து எடுப்போம். உண்மைச் சராசரி பதினஞ்சா இருந்து, நமக்குக் கெடைக்கிற மாதிரி நல்ல கணக்குத் தற்செயலா வர்றதுக்கு நூத்துல அஞ்சு தடவைக்குக் கீழதான் வாய்ப்புன்னா, வழக்கு ஒடஞ்சுது. இல்லாட்டி அண்ணே சொன்னபடி வாழை. இப்பவே எழுதிப்புடறேன். பெறகு யாரும் மாத்தக் கூடாது. நானும்தான்."

"பரீச்சைக்கு முன்னாடியே பாஸ் மார்க்கு," என்றான் கருத்தக்கண்ணன்.

"அதேதான்!"

பந்தலில் இருபது வரிசை. வரிசைக்கு, பந்தலைத் தாங்கும் முப்பது கல்லுக்கால். ஆக மொத்தம் அறுநூறு. செல்போனை அழுத்தினால் இஷ்டத்துக்கு ஒரு எண் வரும். அந்தக் காலுக்குப் போய் ஒரு கொத்து அறுக்க வேண்டும்.

மகாலட்சுமி கத்தரிக்கோலோடு பறந்தாள். பத்தே நிமிஷத்தில் ஆறு கொத்தோடு திரும்பினாள். ஒவ்வொன்றும் கருகருவென்று, உருண்டு திரண்டு, கல்யாணத் தட்டில் வைக்கிற மாதிரி இருந்தது.

நாகஜோதி மேலே, நடுவே, கீழே என்று மூன்று பழம் கிள்ளி, மீட்டரில் சாறு விட்டுப் பார்த்தாள். பதினெட்டு. அடுத்தது பதினெட்டரை. அடுத்ததும் பதினெட்டு.

"ஜெயிச்சாச்சு!" என்று மகாலட்சுமி குதித்தாள்.

நாகஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. "மதினி, ஆறும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணுபோலவே இருக்கே. எப்படி அறுத்தீக?"

"நீ சொன்ன காலுலதான்! ஒவ்வொரு காலச் சுத்தியும் இருபது முப்பது தொங்குது. அதுல நல்லதாப் பாத்து அறுத்தேன். கேட்டு வந்த புள்ளைக்குச் சொத்தையவா குடுப்பாக?"

"நான் விருந்துக்கா வந்தேன்?" நாகஜோதி ஆறையும் ஓரமாகத் தள்ளினாள். "இது செல்லாது. காலுக்கு ரொம்பக் கிட்டத் தொங்குற கொத்து எதுவோ அதுதான். சின்னதோ பெருசோ, செவப்போ கறுப்போ, கண்ணு தேடவே கூடாது."

"நான் அறுக்கட்டாக்கா?" என்றான் கருத்தக்கண்ணன்.

"நீ கொடி புடுங்க வந்தவன்," என்று மகாலட்சுமி சீறினாள். "புளிச்சதாப் பாத்து அறுப்ப!"

"அப்ப நீங்க ரெண்டு பேரும் சேந்தே போங்க," என்றாள் நாகஜோதி. "மதினி ஏமாத்தினா தம்பி பாத்துக்கிரும். தம்பி ஏமாத்தினா மதினி விட மாட்டாக."

ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தபடியே இருவரும் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார்கள். "அது இல்ல, இதுதான் கிட்ட!" "முழம் போட்டுப் பாப்பமா?" என்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கதவில் எண்கள் ஏறின. 16.2. 14.1. 17.0. 13.9. 15.8. வேலியோரம் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் 'ஆ', 'ஐயோ' என்று கிரிக்கெட் பார்க்கிற சத்தம். வேண்டாவெறுப்பாக நின்ற சுருளியாண்டியும் இருபதாவது கொத்துக்குள் கதவருகே வந்துவிட்டான். இருபத்தைந்தில், தானே மீட்டரை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தான்.

"பதினாறு! பதினாறு தாயி!"

முப்பத்தைந்தாவது கொத்து வந்தது. நோஞ்சானாக, பாதி பச்சையாக இருந்தது. மீட்டர் 11.8 காட்டியது.

"இதத் தூக்கி எறி," என்றான் சுருளியாண்டி.

"எழுதணும்."

"ஒரு கொத்துதான ஆத்தா! யாருக்குத் தெரியப் போகுது?"

"மதினி அறுத்துட்டு வந்த ஆறையும் தள்ளினப்ப சும்மாதான நின்ன? அது விதிய மீறி அறுத்தது, இது விதிப்படி வந்தது. விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான்ண்ணே." 11.8 என்று அழுத்தி எழுதினாள்.

கடைசிக் கொத்து 15.3.

செல்போனில் கூட்டினாள். ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை.

"சராசரி பதினஞ்சரை."

"அப்ப ஜெயிச்சாச்சா?" என்றாள் மகாலட்சுமி.

"இருங்க மதினி. அரை டிகிரி கூட இருக்கு. அது தற்செயலா, நெசமான்னு பாக்கணும்." சாக்பீஸ் கதவில் கீச்சிட்டது. "கொத்துக்குக் கொத்து சுமாரா ஒன்றரை டிகிரி கூடக் கொறைய இருக்கு. ஆனா முப்பத்தாறு கொத்தோட சராசரி அவ்வளவு ஆடாது. கூடுனது ஒண்ணு, கொறஞ்சது ஒண்ணு சேந்து சரிக்கட்டிக்கிரும். முப்பத்தாறுக்கு வர்க்கமூலம் ஆறு. ஆட்டம் ஆறுல ஒரு பங்கு. கால் டிகிரிதான்."

"நாம அரை டிகிரி தாண்டியிருக்கோமே," என்றான் கருத்தக்கண்ணன்.

"ரெண்டு மடங்கு!" நாகஜோதி கடைசி வரியை எழுதினாள். "உண்மைச் சராசரி பதினஞ்சாவே இருந்தா, இப்படி ஒரு கணக்கு வர்றதுக்கு நூத்துல மூணு தடவை கூட வாய்ப்பு இல்ல. நாம வச்ச கோடு அஞ்சு. வழக்கு ஒடஞ்சுது மதினி! இந்தப் பந்தல் பதினஞ்சுக்கு மேலதான்!"

மகாலட்சுமி அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலியோரத்தில் விசில் பறந்தது. கருத்தக்கண்ணன் வண்டியில் ஏறி ஹாரனை ஒரு நீண்ட அடி அடித்தான்.

சுருளியாண்டி மட்டும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீ சொல்றது சரி ஆத்தா. ஆனா கம்பெனி ஏத்துக்கிறணுமே. இன்னைக்கிச் சாயங்காலத்தோட கொள்முதல முடிக்கிறாக."

நாகஜோதி உடனே ஆபீசர் வைகுண்டராஜுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். எண்களை வரிசையாகச் சொன்னாள். கொத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்றும், செல்லாத ஆறைத் தள்ளிவைத்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

மறுமுனையில் வைகுண்டராஜ் கேட்டார்:

"கெட்டதையும் எழுதினீங்களாம்மா?"

"எழுதினேன் சார். முப்பத்தஞ்சாவது. பதினொண்ணு புள்ளி எட்டு."

"அத நீங்க சொல்லாம இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டேன்," என்றார் வைகுண்டராஜ். "லோயர் கேம்ப்லதான் இருக்கேன். முக்கால் மணி நேரத்துல வர்றேன். என் மீட்டர்ல, நீங்க பண்ணின மாதிரியே குலுக்கி எடுத்து நானும் முப்பத்தாறு பாக்கறேன். பதினஞ்சு நின்னுச்சுன்னா லாரி இன்னைக்கே வரும்."

மகாலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"ஆனா ஒண்ணும்மா," என்று குரல் தொடர்ந்தது. "நீங்க சொல்றது உண்மைன்னா, என்னோட நாலு கொத்து மட்டும் எப்படிப் பதிமூணுல நிக்கும்? நாலும் ஒண்ணுபோலப் புளிச்சது."

நாகஜோதியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கதவின் மூலையில் கிறுக்கிப் பார்த்தாள். இந்தப் பந்தலில் கண்ணை மூடிக்கொண்டு நாலு கொத்து அறுத்தால் சராசரி பதிமூன்று புள்ளி இரண்டுக்கு இறங்குவது ஆயிரத்தில் ஒரு தடவைதான் நடக்கும். ஆயிரத்தில் ஒன்று அந்தப் புதன்கிழமை வந்து விழுந்ததா? இல்லை, யாராவது கண்ணைத் திறந்துகொண்டு அறுத்தார்களா?

"சார், அந்த நாலையும் நீங்களா அறுத்தீங்க?"

"இல்லம்மா. மழை தூறுச்சு, நான் ஜீப்பை விட்டு எறங்கல. தோட்டக்காரர்தான் அறுத்துட்டு வந்து குடுத்தாரு."

எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. சுருளியாண்டி துண்டை எடுத்து உதறினான். தோளில் போட்டான். மறுபடியும் எடுத்து உதறினான்.

"என்னங்க," என்றாள் மகாலட்சுமி, மெதுவாக. "எங்கன இருந்து அறுத்தீக?"

"அந்த வெள்ளிக்கிழமை வேலப்பருக்கு மொதக் கொத்து வைக்கிறதுக்கு முன்னாடி பழுத்ததுல எப்படிடி கைய வைக்கிறது? அதான் கெணத்தோரம் புளிய மரத்து நெழல்ல, சாமிக்கு ஆகாததா நாலப் பாத்து அறுத்துக் குடுத்தேன்."