கோர்ட்டுக்குள் வந்த இடி

பருத்தி விலை கொஞ்சம் ஏறியிருந்த 1957 ஆகஸ்டில், அலபாமாவில் எங்கள் ஊர் கோர்ட்டுக்குள் ஒரு திங்கட்கிழமை காலை இடி நுழைந்தது. புதன்கிழமை மதியம் வரை ஓயவில்லை. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. வாசலில் தர்ப்பூசணி விற்றவர் கண்ணால் பார்த்தார்: நிதானமாகப் படியேறி, வெள்ளைக்காரர்களுக்கான கதவு வழியாக உள்ளே போனதாம். அவர் வியாபாரத்தை நிறுத்தவில்லை.

அந்தக் கோர்ட்டில் ஓட்டுக்குப் பெயர் பதியும் அறை ஒன்று உண்டு. பதிகிறவர் குமாஸ்தாவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது ஒரு விதி. அந்த நாற்காலியில் கறுப்பர் யாரும் உட்காரக்கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்ட மூளையை என்னவென்று சொல்ல! ஊரில் பாதிக்குமேல் கறுப்பர்களான நாங்கள்தான். ஓட்டு ஒன்றுகூட எங்களுடையது இல்லை. காலையில் போய் நிற்போம், கால் வீங்கிச் சாயங்காலம் திரும்புவோம்.

அப்படி நின்றவர்களில் வெர்டெல் டிஸ்டேல் விடாக்கண்டி. அவள் மகன் ரூஃபஸின் வலது கையை, போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப் காரணமே இல்லாமல் அடித்து முறித்திருந்தார். கை கோணலாகவே கூடிவிட்டது. கேஸ் போட்டால் கேட்க நாதியில்லை. அடுத்த வருஷத் தேர்தலில் அந்த ஆளைப் பதவியிலிருந்து இறக்கவேண்டும், அதில் தன் ஓட்டும் இருக்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இடி வந்தபோது அவள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இடி இடித்தால் எங்கள் வீடுகளில் விளக்கை அணைப்போம், கண்ணாடியைத் துணிபோட்டு மூடுவோம், இருக்கிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவோம். கடவுள் வேலை செய்யும்போது மனுஷன் வேலை செய்யக்கூடாது. வெர்டெல் இருந்த இடத்தில், அந்த நாற்காலியிலேயே, உட்கார்ந்தாள்.

குமாஸ்தா ஹோலிஸ் அவளைப் பிடித்துத் தள்ளியிருக்கவேண்டும். ஆனால் அவனுக்குச் சோறூட்டி வளர்த்ததே வெர்டெல்தான். ஊரில் வசதியான வெள்ளைக்காரர் அத்தனை பேரையும் வளர்த்தது எங்கள் பெண்கள்தானே. இடிக்குப் பயப்படவும் அவர்களேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஹோலிஸ் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். நீதிபதி தன் கறுப்பு அங்கியைக் கழற்றிச் சுவர்க்கண்ணாடிமேல் போர்த்தினார். வெர்டெலை இழுத்துப்போக வந்த ஷெரிஃப், பாதி வழியில் இன்னொரு முழக்கம் கேட்டு, கறுப்பர் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கிவிட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்புக்கு வயிறு வலித்தது.

இடி உள்ளேதானே, வெளியே சிரிக்கத் தடையில்லை. கோர்ட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஜன்னல் வழியாக வறுத்த கோழியும் சோள ரொட்டியும் உள்ளே போயின. ஷெரிஃப்புக்கும் ஒரு கால் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஹோலிஸ் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

"வெர்டி, எந்திரிச்சுப் போயேன். என் வேலை போயிடும்."

"இடிக்கும்போது எந்திரிக்கலாமா, கண்ணு? எத்தனை தடவ சொல்லிருக்கேன்."

"அப்ப இது எப்பதான் நிக்கும்?"

"அவரு வந்த வேலை முடிஞ்சா நிக்கும்."

"என்ன வேலையாம்?"

"இதுதான்னு தோணுது. பேனாவ எடு."

"இடிக்கும்போது எழுதினா..."

"உன் வேலைய செஞ்சாதான் தப்பு. இது அவரு வேலை. எழுது. முழுப் பேரையும் சொல்லி எழுது."

ஹோலிஸ் பேனாவை எடுத்தான். எங்கள் பெண் ஒருத்தியை அந்த அறையில் யாரும் மரியாதையாக 'மிசஸ்' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. "மிசஸ் வெர்டெல் டிஸ்டேல்" என்றான். அவள் கையெழுத்துப் போட்டாள். இடி நின்றது.

அவள் எழுந்ததும் எங்களுக்கு முடிவெட்டும் கிளியோஃபஸ் உள்ளே வந்தார். "இந்த நாற்காலி..." என்று ஹோலிஸ் ஆரம்பித்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன உறுமல் கேட்டது. "உக்காருங்க, ஐயா," என்று முடித்தான். அன்று இருட்டும்வரை வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

மறுவருஷம் ஷெரிஃப் தோற்றார். பிறகு தர்ப்பூசணிக் கடை வைத்தார், சுமாராக ஓடியது. தேர்தல் முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் வெர்டெல் ரூஃபஸின் கோணல் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குள் நடந்துபோய், மாடிப்படிக்குக் கீழே இடிக்கு ஒரு தட்டுச் சோள ரொட்டி வைத்துவிட்டு வந்தாள். கை நேராகிவிடவில்லை. அதற்காக அவள் அழுதாள்.

இடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் மற்ற இடிகளோடு வெளியே போய்வரும். மற்ற நாளில் மாடிப்படிக்குக் கீழே படுத்துத் தூங்கும். பெருக்க வருகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறார்கள்.