இருநூற்று அறுபது சதவீதப் பாட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வடக்கு நாஷ்வில்லில் எங்கள் பெட்டிஃபோர்ட் குடும்பத்து வீட்டின் சமையலறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மூத்தவர் லூஷியஸ், எழுபத்தொரு வயது, ஆராதனைக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தம்பி ஆர்வில். இடப்பக்கம் கடைசித் தம்பி கிளைட். பாத்திரம் கழுவும் தொட்டியருகே ஆர்விலின் மனைவி ஐடெல்லா, முழங்கைவரை ஈரம். கிளைடின் மகள் நடீன், கல்லூரியில் இசை வணிகம் படிக்கிறவள். ஆறாவது, எங்கள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் யூலா. இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பித் தர வந்தவர், சட்டியைக் கீழே வைக்காமல் முக்கால் மணி நேரம் கதவோரமாகவே நின்றார். அன்று அங்கே தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது நாற்பது பேருக்கு மேல். அதனால்தான், அங்கே இல்லாத நான், இருந்தவர்களிடம் கேட்டுப் பெயர்களை எழுதி வைக்கிறேன்.

பொரித்த கோழி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. நடீன் அந்த மூன்று சகோதரர்கள் முன்னாலும் ஆளுக்கொரு படிவத்தையும் பேனாவையும் வைத்திருந்தாள்.

"மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணு போதாதா?" என்றார் லூஷியஸ்.

"போதாது பெரியப்பா. இதை எழுதினது யாரு, யாருக்கு எத்தனை பங்குன்னு ஒவ்வொருத்தரும் தனியா எழுதணும். ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் பாக்கக் கூடாது. பரீட்சை மாதிரி."

விஷயம் 'மூன்றாம் தண்ணீர்' என்ற பாட்டு. பெட்டிஃபோர்ட் சகோதரர்கள் பாடிய பக்திப் பாட்டுகளில் சுற்றுவட்டாரத்துச் சபைகள் எல்லாம் மனப்பாடமாகப் பாடுவது அது ஒன்றைத்தான். முப்பத்தொரு வருடத்துக்கு முன் வெளிவந்த அவர்கள் இசைத்தட்டை ஒரு கம்பெனி மறுபடியும் போடப் போகிறது. கூடவே ஒரு சிறு புத்தகம். அதில் பாட்டை எழுதியவர் பெயர் அச்சாகும். பெயரைக் கையெழுத்தோடு திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். வக்கீல் வைக்கலாம் என்று கிளைட் சொன்னதற்கு லூஷியஸ் சம்மதிக்கவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளை இதைத்தானே படிக்குது? வெளியாள் எதுக்கு?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெருமையின் விலை அவருக்கு அப்போது தெரியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டில் யார் பாட்டுக் கட்டினாலும் இசைத்தட்டின் அட்டையில் 'பெட்டிஃபோர்ட் சகோதரர்கள்' என்றுதான் இருக்கும். பெண்கள் பின்னால் நின்று பாடுவார்கள். புகைப்படம் எடுக்கும்போது ஆண்களின் தொப்பிகளைக் கையில் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். வீட்டுப் பெண்ணின் பெயர் கடையில் தொங்கக் கூடாது, அது குடும்பத்துக்குக் கௌரவம் அல்ல என்று எங்கள் முன்னோர் வைத்த ஏற்பாடு. அதை நானும் ஆதரித்துப் பேசியிருக்கிறேன். யாருடைய கௌரவம் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

பாட்டை எழுதியது ஐடெல்லா. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று யாரும் சொன்னதில்லை. முந்தின நாள் நடீன் அவரிடம் நேராகவே கேட்டாள். "பெரியம்மா, இந்தத் தடவை அச்சானா அச்சானதுதான். உங்க பேரு போகட்டும்னு விட்டுடுவீங்களா?" ஐடெல்லாவுக்கு அறுபத்தாறு வயது. இன்னொரு முறை அச்சாகும்போது தாம் இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். "நான் கேட்டா சண்டைன்னுவாங்க. அவங்களே சொல்லட்டும்," என்றார்.

ஆகவே மூன்று பேரும் எழுதினார்கள். லூஷியஸ் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார். ஆர்வில் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு எழுதினார். கிளைட் ஒரு முறை கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டு எழுதினார்.

நடீன் வாங்கிப் படித்தாள். "லூஷியஸ் பெரியப்பா, நூறு சதவீதம். ஆர்வில் பெரியப்பா, நூறு சதவீதம். அப்பா, அறுபது." பேனாவால் மேசையைத் தட்டினாள். "மொத்தம் இருநூத்தி அறுபது. எங்க வாத்தியார் நூறுக்கு மேல போன ஒரு பாட்டை இதுவரைக்கும் பாத்ததில்லை. நம்ம குடும்பம் பெரிய குடும்பம்தான்."

சிஸ்டர் யூலாவுக்குச் சிரிப்பு வந்தது. சட்டியால் வாயை மறைத்துக்கொண்டார்.

"அறுபதா?" என்று லூஷியஸ் தம்பியைப் பார்த்தார். "மீதி நாப்பதை யாருக்குடா விட்டே?"

"பரிசுத்த ஆவிக்கு," என்றார் கிளைட். "பணிவா இருக்கட்டுமேன்னு."

"அவர் கையெழுத்துப் போட வருவாராப்பா?" என்றாள் நடீன். "திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

லூஷியஸ் ஆர்வில் பக்கம் திரும்பினார். "நீ எந்தக் கணக்குல நூறு போட்டே?"

ஆர்வில் நெளிந்தார். "ஐடெல்லா என் சம்சாரம். அவ எழுதினதுன்னா நான் எழுதின மாதிரிதானே?"

வாய் தவறி வந்த அந்தப் பேச்சை அவரே காதால் கேட்டபின்தான் புரிந்துகொண்டார். ஐடெல்லா திரும்பிப் பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டார்.

"அப்படின்னா அண்ணி சமைச்சதையும் அண்ணன் சமைச்சதுன்னு சொல்லலாமே," என்று முணுமுணுத்தார் கிளைட்.

"நீ வாயை மூடு. ஆவிக்கு நாப்பது குடுத்தவன்தானே நீ," என்றார் ஆர்வில்.

"சரி, ஒரே ஒரு கேள்வி," என்றாள் நடீன். "படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. பல்லவி எப்படி வந்துச்சுன்னு எழுதணும். அது ஏன் மூணாம் தண்ணி? ரெண்டாம் தண்ணியா ஏன் இல்லை?"

லூஷியஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இதை அவர் முப்பது வருடம் மேடைகளில் விளக்கியிருக்கிறார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூணு."

"இல்லண்ணே, அது யோர்தான் நதி," என்றார் ஆர்வில். "மூணு தடவை கடக்கிறது."

"எனக்கு மெட்டுக்கு அதுதான் உக்காந்துச்சு," என்றார் கிளைட்.

ஐடெல்லா குழாயை மூடினார். கையில் இருந்த டர்னிப் கீரையை உதறினார். "கீரை," என்றார். "மண்ணுல முளைக்கிறது. முத தண்ணியில கல்லு போகும். ரெண்டாம் தண்ணியில மண்ணு போகும். மூணாம் தண்ணியிலதான் தொட்டியோட அடி தெரியும். இந்த வீட்டு ஆம்பளைங்க யாராவது ஒருநாள் கீரை கழுவியிருந்தா இத்தனை வேதாந்தம் தேவைப்பட்டிருக்காது."

லூஷியஸின் காது சிவந்தது. ஆனாலும் முதுகு வளையவில்லை. "நீ முணுமுணுத்திருக்கலாம், சிஸ்டர் ஐடெல்லா. அதைப் பாட்டாக்கினது நாங்க."

"அப்படியா, பிரதர் லூஷியஸ்? அந்தப் பாட்டுக்கு எத்தனை சரணம்?"

"மூணு. குழந்தைக்கும் தெரியும்."

"நாலு," என்றார் ஐடெல்லா.

மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின. பாடகர்களுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு இல்லை. முப்பத்தொரு வருடமாகப் பாடும் பாட்டில் ஒரு சரணம் மிச்சம் இருக்கிறதாம், அது சமையலறையிலேயே இருந்ததாம்.

ஐடெல்லா கையைத் துடைத்துக்கொண்டு முதல் இரண்டு வரியை மட்டும் பாடினார். குரல் பெரிதாக எழவில்லை. தேவையும் இருக்கவில்லை.

*கழுவின கையை நீர் கண்டீர், கர்த்தாவே,*
*பந்தியில் மற்றவர் தட்டையே கண்டார்...*

நிறுத்திவிட்டார்.

கிளைட் தன்னை அறியாமல் கீழ்க்குரல் சேர்த்துக்கொண்டிருந்தார். அது தனியாக இழுத்துக்கொண்டு நின்றது. ஆர்வில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"மிச்சம்?" என்றார் லூஷியஸ்.

"இருக்கு."

"பாடு."

"முதல்ல கையெழுத்து," என்றார் ஐடெல்லா. "அப்புறம் பாட்டு."

நடீன் கை தட்டினாள். "நான் ரெண்டு வருஷமா காலேஜுக்குப் போறேன். இவங்க தொட்டிக்கிட்ட நின்னே படிச்சு முடிச்சுட்டாங்க!" என்றபடி பையிலிருந்து நான்காவது படிவத்தை எடுத்தாள். அதில் ஐடெல்லா பெட்டிஃபோர்ட், நூறு சதவீதம் என்று தட்டச்சாகியிருந்தது. கீழே மற்ற மூவரும் 'எங்களுக்கு இதில் பங்கில்லை' என்று ஒப்புக்கொள்ள மூன்று கோடுகள்.

கோழி முழுவதும் ஆறிவிட்டது. லூஷியஸ் வீட்டு வழக்கத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. தம்பிகள் இருவரும் அந்த இரண்டு வரியை வாய்க்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

முதலில் கையெழுத்துப் போட்டவர் கிளைட். "ஆவியானவர் சார்பாவும் நானே போட்டுடறேன்," என்றார். அடுத்து ஆர்வில். லூஷியஸ் படிவத்தை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மூன்றாம் முறையும் படித்தார். பிறகு தம் முழுப் பெயரையும், நடுப்பெயர் உட்பட, ஒரு எழுத்தும் குறையாமல் எழுதினார்.

அதன் பிறகே ஐடெல்லா நான்காவது சரணத்தை முழுவதும் பாடினார். மூன்று பேரும் அவருக்குப் பின்னால் நின்று பாடினார்கள். முன்னால் நிற்க அந்தச் சமையலறையில் இடம் இல்லை.

இப்போது சபையில் ஒரு பேச்சு நடமாடுகிறது. பெட்டிஃபோர்ட் சகோதரர்கள் பெருந்தன்மையானவர்கள், தங்கள் பாட்டை அந்த அம்மாளுக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்கிறார்கள். போதகர் அதைப் பிரசங்கத்திலும் சொல்லிவிட்டார். குடும்பத்துக்குப் பெருமை தரும் பேச்சு என்பதால் எங்களில் யாரும் மறுக்கவில்லை. நான் மறுக்கிறேன். அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐடெல்லாவுடையதை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள், முப்பத்தொரு வருடம் கழித்து. அதுவும் இன்னொரு சரணம் கிடைக்கும் என்பதற்காக.